அத்தான் போட்ட பிளான்

"இந்தச் சுவர் இருக்கே, முதல்ல இது போகணும்" என்றார் அத்தான். சமையலறைச் சுவரில் பென்சிலால் பெரிய பெருக்கல் குறி ஒன்று போட்டார். வெள்ளத்தில் ஊறிய சுவர் என்பதால் கோடு விழவில்லை, பள்ளம்தான் விழுந்தது.

வீட்டுக்காரி கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். நாற்காலிகள் வாசலில் காய்ந்துகொண்டிருந்தன. பலகை அலமாரிகள் உப்பிப்போய், நாள் நெருங்கிய பிள்ளைத்தாய்ச்சிகள் போல வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றன.

அத்தான் அவளுடைய அக்காவின் கணவர். அரசாங்கத்தில் பெரிய இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எங்கே ஓய்வு பெற்றார், அரசாங்கம்தான் அவரிடமிருந்து ஓய்வு பெற்றது என்பது அவள் கணவரின் கட்சி. எந்த நேரமும் கத்தரிக்கோலும் ரிப்பனும் கையில் இருப்பது போலவே பேசுவதால், கணவர் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'திறப்பு விழா'.

காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். "அக்கா எப்படி இருக்கா அத்தான்? வெள்ளம் வந்ததுலேர்ந்து போனே கிடைக்கலையே" என்று அவள் கேட்டதற்கு, "பின்னால வர்றா" என்று சொல்லிவிட்டு நேரே சமையலறைக்குள் நுழைந்தவர்தான்.

அவளுக்கு வேண்டியதெல்லாம் பழைய சமையலறை. அதே ஜன்னல், அதன் கீழே அதே தொட்டி, முதுகு வலிக்காத உயரத்தில் அதே மேடை. மாடி அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் அடுப்பை வைத்துச் சமைத்துச் சமைத்து, தலையணை உறையில்கூட எண்ணெய்ப் புகை நாற்றம்.

மேஸ்திரி டேப்பை நீட்டிப் பார்த்தார். "சார், இந்தச் சுவரை இடிச்சுத் தள்ளிக் கட்டினா ஹால் சின்னதாயிடுமே."

"ஆகட்டும். சமையக்கட்டுல நாலு பேர் வளைய வர இடம் வேணாமா?"

"நாங்க ரெண்டு பேர்தானேண்ணே" என்றார் கணவர்.

"பிளான்னா நாளைக்கு எப்படின்னு யோசிச்சுப் போடணும் தம்பி. மேஸ்திரி, மேடையை ஒரு சாண் இறக்குங்க."

"அத்தான், நான் உயரம். குனிஞ்சு குனிஞ்சே முதுகு போயிடும்."

"பழகிடும்மா. அப்புறம் அந்தச் சாமான் ரூம். ஒரு ஜன்னல் வச்சா நல்ல படுக்கை ரூம். பக்கத்துலயே பாத்ரூம். எழுந்திருக்கும்போது பிடிச்சுக்க ஒரு கம்பி."

"கம்பி யாருக்குண்ணே?"

"வயசாகாதா?"

கணவர் மனைவியைப் பார்த்தார். இதுவரை கட்டிடங்களை மட்டும் திறந்து வைத்த மனிதர், இன்று அவர்களுடைய முதுமையையும் திறந்து வைத்துவிட்டார்.

"அம்மா, இதுல நான் யார் பேச்சைக் கேக்கறது?" என்று மேஸ்திரி மெதுவாகக் கேட்டார். அது தெரிந்தால் அவள் ஏன் வாளி மேல் உட்கார்ந்திருக்கப் போகிறாள்?

ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்கு நிம்மதி. அத்தான் வாயைத் திறந்தாலே "எங்க வீட்டுல" என்றுதான் தொடங்குவார். தானே பிளான் போட்டு, தானே நின்று கட்டிய வீடு. அதன் மாடிப்படியை விவரித்து முடிப்பதற்குள் கேட்பவருக்கு மூச்சு வாங்கிவிடும். இன்று அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அடிபட்டவர்கள் முன்னால் எதற்கு என்று நாகரிகமாக விட்டிருப்பார். மனிதருக்கு நாகரிகம் வர இவ்வளவு தண்ணீர் வேண்டியிருந்தது.

அத்தான் ஜன்னல் பக்கம் போனார். "இதை அடைச்சுட்டு இங்க ஒரு அலமாரி வச்சுடலாம். சாமான் நிறைய வரும்."

அவள் எழுந்தாள்.

"அத்தான், வழிச்சு வழிச்சு சேத்தை அள்ளிப் போட்டிருக்கேன். இன்னும் நாத்தம் போகல. எனக்குப் புதுசா எதுவும் வேணாம், இருந்தது இருந்த மாதிரி கிடைச்சா போதும்." கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. "இது என் வீடு. உங்களுக்கு ஆசையா இருந்தா உங்க வீட்டுல போய் இடிச்சுக் கட்டிக்குங்க."

மேஸ்திரியின் டேப் விருட்டென்று சுருண்டுகொண்டது. கணவர் கூரையை ஆராய்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து அத்தானை இந்தக் குடும்பத்தில் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

நீண்ட சொற்பொழிவு ஒன்றுக்கு அவள் தயாராக நின்றாள். அத்தான் பென்சிலைச் சட்டைப் பையில் செருகினார். சுவரில் போட்ட குறியைக் கட்டை விரலால் அழித்துப் பார்த்தார், பூச்சுதான் உதிர்ந்தது.

"சரிம்மா. உன் வீடு" என்றார். குரலில் ரிப்பனும் இல்லை, கத்தரிக்கோலும் இல்லை.

வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முன்பக்கத்திலிருந்து அக்கா இறங்கினாள். குள்ளம், முழங்கால் வலி வேறு. டிரைவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. பின்பக்கம் முழுக்க மூட்டைகள்.

அக்கா உள்ளே வந்து எல்லார் முகத்தையும் பார்த்தாள். அத்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையிலேர்ந்து இங்கதானே இருக்கார், இன்னுமா சொல்லல?"

"என்னக்கா சொல்லணும்?"

"எங்க வீடு இடிஞ்சு போச்சுடி."