அழைத்தேன், எடுக்கவில்லை

ஏழாவது திங்கட்கிழமைதான் மார்லிஸ், பெட்ரோல் பங்கு வைத்திருக்கும் ஆர்லனின் போன் எண்ணை உண்மையிலேயே அழுத்தினாள்.

முந்தைய ஆறு வாரமும் அழுத்தவில்லை. அவர் பெயருக்கு எதிரே பழைய விலையையே மறுபடி அடித்து, பக்கத்துக் கட்டத்தில் "அழைத்தேன், எடுக்கவில்லை" என்று குறித்துவிட்டு அடுத்த பெட்ரோல் பங்குக்குப் போய்விட்டாள்.

முதல் வாரம் அவசரம். அடுத்த வாரத்திலிருந்து பழக்கம்.

தன்னைச் சொல்லிக் குற்றமில்லை என்று அவளே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். பெட்ரோல் விலைக் கணக்கெடுப்பு வேலைக்குக் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் மதியத்துக்குள் நெப்ராஸ்கா முழுக்கத் தொண்ணூறு பங்குகளைக் கூப்பிட்டு விலை கேட்க வேண்டும். மாலையில் மத்திய மேற்கு மாநிலங்களின் சராசரி விலை வெளியாகும். அது நாலு செண்ட் நகர்ந்தால் போதும், நாடு பிழைக்குமா மூழ்குமா என்று தொலைக்காட்சியில் கோட்டுப் போட்டவர்கள் தொண்டை கிழியப் பேசுவார்கள்.

ஆர்லனோ பனி, சோளம், முழங்கால், செத்துப்போன மனைவி சுட்ட கொலாச்சே ரொட்டி என்று ஊரைச் சுற்றிவிட்டுத்தான் விலைக்கு வருவார். பதினோரு வருடமாக இதே கூத்து. வந்தாலும் போன வார விலையாகத்தான் இருக்கும். ஊரே ஏற்றினாலும், நீளக் கழியைத் தூக்கிப் பலகையில் எண்ணை மாற்ற அவருக்குச் சோம்பல்.

ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார்: "வாரா வாரம் எனக்குப் போன் பண்றது நீ ஒருத்திதாம்மா. ஒரு திங்கட்கிழமை நான் எடுக்கலேன்னா ஷெரீஃபுக்கு ஒரு வார்த்தை சொல்லிடு."

"சொல்லிடறேன், போதுமா? இப்ப விலையச் சொல்லுங்க" என்று அவளும் சிரித்தாள்.

இன்றும் கூப்பிட்டிருக்க மாட்டாள். ஏழாவது வாரமும் எடுக்கவில்லை என்று போட்டால் பங்கைப் பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்கள். புதுப் பங்கு தேடும் வேலை அவள் தலையில் விழும்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"மார்லிஸா! நேத்துதான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்தேன். மன்னிச்சுக்கம்மா, ஆறு வாரமா உன்னை வீணா போன் அடிக்க விட்டுட்டேன்."

அவள் நாற்காலியில் நிமிர்ந்தாள்.

"ஆறு வாரத்துக்கு முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை கடையப் பூட்டிட்டு உள்ள சரக்கு அடுக்கிக்கிட்டிருந்தேன். ஆயில் டப்பா ரேக் அப்படியே கால் மேல சாஞ்சிருச்சு. அசைய முடியல. சரி, விடிஞ்சா திங்கட்கிழமை, மார்லிஸ் கூப்பிடுவா, எடுக்கலேன்னா ஷெரீஃபை அனுப்பிடுவான்னு தைரியமாக் கெடந்தேன். அன்னைக்குன்னு பாத்து இந்தப் பாழாப்போன லைன் செத்துப்போச்சு. மணியே அடிக்கல."

செவ்வாய்க்கிழமை பெட்ரோல் இறக்க வந்த டேங்கர் டிரைவர்தான் கதவை உடைத்தாராம். ஒரு நாள் முன்பே வந்திருந்தால் காலை வெட்டி எடுத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னாராம். போகட்டும், இன்னொன்று இருக்கிறதே என்றார் ஆர்லன்.

நான்தான் கூப்பிடவில்லை. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"லைன்தான் போயிருக்கும்" என்றாள் மார்லிஸ். தன் குரல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"அதத்தான் நானும் சொன்னேன்! என் பொண்ணு கேக்கல. அந்தப் பொம்பள கூப்பிட்டே இருக்கமாட்டான்னு சாதிக்கிறா. நல்லாத் திட்டி விட்டேன். பதினோரு வருஷமாப் பழகுறவ, எனக்குத் தெரியாதான்னு கேட்டேன்."

அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சரி, உனக்கு நேரமாகுது. விலைய எழுதிக்க. மூணு டாலர் ஒம்பது செண்ட். அன்னைக்கு நின்ன பலகை அப்படியேதான் நிக்குது, மாத்த ஆளில்ல. இந்த மாநிலத்துலயே மலிவு இப்ப என் பங்குதான். என்ன, பெட்ரோல்தான் கிடையாது!"

அவர் பழைய சிரிப்பையே சிரித்தார்.

மார்லிஸ் திரையைப் பார்த்தாள். ஆறு வாரமும் மூன்று டாலர் ஒன்பது செண்ட். அவள் பொய்யாக அடித்தது, ஒரு செண்ட் பிசகவில்லை. யார் வந்து தோண்டினாலும் அவள்மேல் ஒரு குற்றம் சொல்ல முடியாது.

பக்கத்துக் கட்டத்தில் ஆறு முறை "எடுக்கவில்லை" என்றிருந்தது. அதுவும் உண்மைதான்.

அதற்கு முந்தைய சொல் மட்டும்தான் பொய்.