கொம்பில்லாத வண்டு

ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் அப்பா. மேசையில், லென்ஸின் மேல் குனிந்தபடி மகள். கதவருகே ஸ்டூலில் மருமகன், மடியில் விலாசம் எழுதிய உறை. மேசை நடுவே, குண்டூசி குத்திய இரண்டு பூ வண்டுகள்: ஒன்றுக்குத் தலையில் கொம்பு, மற்றது மொட்டை.

"மெதுவாப் பேசு. மாமா தூங்கறாரு."

"ரெண்டும் ஒரே இனம்தாங்க. கொம்பு இருக்கறது ஆண். அப்பா புது இனம்னு எழுதின மொட்டைத்தலை, அதே இனத்துப் பெண்."

ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் கூடாது. முதலில் வைத்ததுதான் நிற்கும். கொம்பு வண்டுக்கு, அப்பாவுக்கு ஓராண்டு முன்பே யாரோ பெயர் வைத்துவிட்டார். மொட்டைக்கு அப்பா வைத்தது அம்மாவின் பெயர். அது அச்சான பக்கத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரியில் அம்மா கடைசி மூன்று வாரமும் படுத்திருந்தாள்.

"எப்படிக் கோட்டை விட்டாரு?"

"திருப்பிப் பாத்தாலே தெரியும். ஆணுக்கு வயித்துல பள்ளம் இருக்கும், பெண்ணுக்கு இருக்காது. மத்த நாப்பது வண்டுக்கும் அடிப்பக்கம் வரைஞ்சிருக்காரு. இதுக்கு மட்டும் மேல்பக்கம்தான்."

"கல்யாணப் பத்திரிகையையே திருப்பிப் பாத்துட்டுக் கீழ வைக்கிற ஆளாச்சே."

"அம்மா அப்படிக் கிடக்கறப்ப அவருக்கு எதுதான் ஓடியிருக்கும்?"

"பேசாம வேற வேற இனம்னே எழுதிடு. வண்டு என்ன கேஸா போடப்போகுது?"

மகள் பேனாவை எடுத்தாள், வைத்தாள். பிறகு ஆய்விதழுக்கு உள்ளதை உள்ளபடியே எழுதி முடித்தாள். பெயர் வைத்தவர் என்பதால் அப்பாவும் கையெழுத்திட வேண்டும். எழுப்பத்தான் மனம் வரவில்லை.

"கொண்டா இங்க" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

மகள் கடிதத்தை நீட்டினாள். "அம்மா பேரு போயிடும்ப்பா. உங்க மேல தப்பில்ல. ஏதோ அவசரத்துல..."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். 'கவனக்குறைவால் நேர்ந்த பிழை' என்ற இடத்தில் முதல் சொல்லை மட்டும் அடித்தார். கையெழுத்திட்டார். மடித்து உறையிலிட்டு, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டி, "தபால் எடுக்கறதுக்குள்ள போட்டுடுங்க மாப்பிள்ளை" என்றார்.

மருமகன் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை காத்திருந்தார்.

"திருப்பிப் பாத்துட்டுத்தாம்மா உங்கம்மா பேரை வெச்சேன்."