தலைப்பிரசவத்துக்காக ஒரு துரோகம்

நிலாவுக்கும் செவ்வாய்க்கும் பதினோரு வருஷமாகப் போர். கோமதிநாயகம் இரண்டு பக்கத்துக்கும் உளவாளி. நிலாவின் ரகசியத்தைச் செவ்வாய்க்கும், செவ்வாயின் ரகசியத்தை நிலாவுக்கும் அவர் அனுப்பிய வேகத்தில், தளபதிகளுக்குத் தங்கள் சொந்தத் திட்டமே எதிரி சொல்லித்தான் தெரியவந்தது.

கடைசியில் நிலாவில் பிடிபட்டார். மேஜர் பியூலா மேசையைத் தட்டிய தட்டில் நிலாவே ஒரு சாண் நகர்ந்தது.

"எதுக்குச் செஞ்சீரு? பணத்துக்கா, கொள்கைக்கா?"

"ரெண்டும் இல்ல தாயி. மகளைச் செவ்வாயில கட்டிக் கொடுத்திருக்கேன். இது ஏழாம் மாசம். தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான? வளைகாப்பு முடிச்சுக் கூட்டிட்டு வரணும். நடுவழியில ரெண்டு பேரும் சுட்டுக்கிட்டே இருந்தா பிள்ளத்தாச்சி எப்படி வருவா? ரெண்டு பக்கமும் எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னா ஒருத்தரும் வெளிய கிளம்ப மாட்டீங்க. மூணு வாரமா ஒரு குண்டு விழுந்துச்சா, சொல்லுங்க பாப்போம்!"

பியூலா யோசித்துப் பார்த்தாள். விழவில்லை.

"இதுக்கு மரண தண்டனை, தெரியும்லா?"

"தெரியும். புதன்கிழமை வளைகாப்பு. அவளைக் கூட்டிட்டு வந்து விட்டுட்டா, அப்புறம் எப்ப வேணும்னாலும் சுட்டுக்கிடுங்க. இப்பமே சம்பந்தியம்மா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா. அவளுக்கு முன்னால உங்க துப்பாக்கியெல்லாம் எம்மாத்திரம்?"

பியூலா எழுந்து கதவைச் சாத்தினாள். இழுப்பறையிலிருந்து தடிமனான ஒரு கோப்பை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"இது அடுத்த நாலு மாசத் தாக்குதல் திட்டம். இதையும் அங்க சொல்லிருங்க அண்ணாச்சி. செவ்வாயில வாக்கப்பட்ட என் தங்கச்சிக்கு இப்பத்தான் அஞ்சாம் மாசம்."