மூன்றாவது வரிசை

"மூணாவது வரிசையில எந்த மரபணு இருக்கிற செடியும் நெட்டையாத்தான் நிக்குது. அங்க மட்டும் தண்ணி கூடப் போயிருக்கு," என்றார் புள்ளியியல் பேராசிரியர்.

ஆராய்ச்சிக்காரி அவர் மேசைமேல் இருந்த கணக்குத் தாளை இழுத்துப் பார்த்தாள். தக்காளிச் செடியின் உயரத்துக்கு எந்தெந்த மரபணு காரணம் என்று தேடி, மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, ஊர் விட்டு ஊர் வந்து கிடப்பவள். இந்தக் கணக்கு சரியாக வந்தால் அடுத்த வாரமே வீடு.

"தண்ணியால வந்த உயரத்தைக் கழிச்சுட முடியாதா சார்?"

"எவ்வளவு போச்சுன்னு தெரிஞ்சாத்தானே கழிக்க? உயரம் ஒரே மரபணு வேலை இல்லம்மா. பல மரபணு, ஆளுக்குக் கொஞ்சமா தூக்கிவிடுது. கூட தண்ணியும் தோள் கொடுத்தா, யார் எவ்வளவு தூக்கினாங்கன்னு எந்தக் கொம்பனாலயும் பிரிக்க முடியாது. மறுபடி நட வேண்டியதுதான்."

மறுபடி என்றால் இன்னொரு வருஷம். அதற்குள் மகளுக்கு முன்பல் விழுந்து முளைத்தே விடும்.

நேரே பசுமைக்குடிலுக்குப் போனாள். அங்கே காலைத் தண்ணீர் சக ஆராய்ச்சிக்காரன் முறை, மாலை இவள் முறை. வாயே திறக்காத அவனுக்கு இவள் வைத்த பெயர் ஊமைக்கோட்டான்.

"மூணாவது வரிசை மட்டும் என்ன, உங்க செல்லப்பிள்ளையா? இப்படியா ஊத்துவீங்க? நான் என் பொண்ணைப் பார்க்கணும்ங்க!"

அவன் ஒரு கணம் அவளையே பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"என் தப்புதான். பேராசிரியர்கிட்ட நானே சொல்லிடறேன்."

"சொன்னா, போன வருஷம் திரும்பி வந்துடுமா?"

அன்று மாலையும் தண்ணீர் விட வந்தாள். வேண்டாவெறுப்பாகக் குழாயைத் திறந்தபோது, வழக்கம்போல போன் அடித்தது. குடிலில் சிக்னல் கிடைப்பது மூன்றாவது வரிசை ஓரத்தில் மட்டும்தான். ரப்பர் குழாயும் கையுமாக ஓடினாள்.

"அம்மா, அடுத்த வாரம் வர்றேன்னியே, என்னைக்கு?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வர்றேன்டா கண்ணு. நீ சாப்பிட்டியா? இன்னிக்கு என்ன விளையாண்ட, சொல்லு."

மகள் சொல்லிக்கொண்டே போனாள். அந்தக் குரலைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறெதுவும் கேட்கவில்லை.

பாதம் ஜில்லென்றது. குனிந்து பார்த்தாள். கையிலிருந்த குழாய் மூன்றாவது வரிசைத் தொட்டியில் கொட்டி, நிரம்பி, வழிந்து, அவள் செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது.

சட்டென்று தண்ணீர் நின்றது. திரும்பினாள். குழாயடியில் ஊமைக்கோட்டான்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"குழந்தை காத்திருக்கு, நீங்க பேசுங்க," என்றான் அவன் மெதுவாக. "தினமும் மூடறது நான்தானே."