கரடிக்கு ஊசி

குழந்தைகள் வார்டின் விளையாட்டு மேசையில் வெயில் சாய்ந்து விழுகிறது. கையில் கட்டுடன் மகள் பஞ்சுக் கரடியை அப்பாவிடம் நீட்டுகிறாள். "பிடிச்சுக்கோங்கப்பா. காலையில ஊசி போடறப்ப என்னைப் பிடிச்சீங்கள்ல, அப்படி." அவர் கரடியின் தோளில் விரல்களை வைக்கிறார். "இவ்வளவு லேசாவா? துள்ளிடும்ல!" வார்டுக் குழந்தைகளை விளையாட வைக்கும் டீச்சர் ஊசியில்லாத சிரிஞ்சை அவளிடம் தருகிறாள். அவர் அழுத்துகிறார். பஞ்சு அமுங்குகிறது. காலையில் அவள் தோளும் இப்படித்தான் அமுங்கியது. "கரடி என்னம்மா சொல்லுது?" என்கிறாள் டீச்சர். "அப்பா, அப்பான்னு கத்துது. அவருக்குத்தான் காது கேக்கல." சிரிஞ்சு நெருங்குகிறது. அவர் முகம் தானாகச் சன்னல் பக்கம் திரும்பிவிடுகிறது. மகள் கையை நிறுத்திச் சிரிக்கிறாள். "இது பொம்மைதாம்பா. நீங்க பாக்கலாம்."