இடது விரலில் மை

பதினாறு வயதிலேயே ஓட்டு வந்த பிறகு வாக்குச்சாவடிக்கு யாரும் போவதில்லை. யாருக்குப் போடுவோம் என்பதைக் கைப்பேசியே கணித்துப் பதிந்துவிடும். அதை மாற்ற நினைப்பவர்கள் மட்டும் நேரில் போய், விரலில் மை வாங்கிவர வேண்டும். பையன்கள் எல்லாம் ஒரு கட்சி, பெண்பிள்ளைகள் எல்லாம் இன்னொரு கட்சி. கணிப்பு தப்பியதே இல்லை.

தூத்துக்குடி பிரிசில்லாவின் இரட்டைப் பிள்ளைகள் ஜெபினும் ஜெனியும் தேர்தல் அறிவித்த நாளிலிருந்து சாப்பாட்டு மேசையில் கத்திக்கொண்டே இருந்தார்கள். தேர்தலன்று மத்தியானம் மட்டும் பேச்சே இல்லை. இருவரின் இடது கையும் மேசைக்கு அடியில் இருந்தது.

பிரிசில்லா வேண்டுமென்றே மீன்குழம்புச் சட்டியை நீட்டினாள். "ஏலே, இதக் கொஞ்சம் பிடி."

எச்சில் கையால் சட்டியைத் தொட முடியாது. ஜெபின் இடது கையை நீட்டினான். விரலில் மை.

"ஏலே, மாத்திட்டியா?" என்றாள் ஜெனி.

"நீ சொன்னத யோசிச்சுப் பாத்தேன். சரியாத்தான் இருந்துச்சு."

ஜெனி தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த கையிலும் மை இருந்தது. "நான் ஒங் கட்சிக்குப் போட்டுட்டு வந்திருக்கேன்ல!"

ஜெபின் குரலை உயர்த்தினான்.

"கூறுகெட்டவளே, அவங்க வந்தா ஒருத்தனுக்கும் வேல கிடைக்காதுட்டி!"

"கிடைக்கும்னு நீதானல இத்தன நாளும் கரடியாக் கத்துன!"