கடைசிப் பெஞ்சில் இருவர்

மாதா கோயிலின் கடைசிப் பெஞ்சில், கதவை ஒட்டி, குமாஸ்தா ஞானப்பிரகாசம் உட்கார்ந்திருக்கிறார். குடல் முறுக்கினால் சட்டென்று எழுந்து போக அந்த இடம்தான் தோது. வெளியே பினாங்கு வெயிலில் ரிக்‌ஷா மணி கேட்கிறது. மிளகாய் கூடாது, காப்பி கூடாது, எழுந்ததும் ஆரோரூட் கஞ்சி குடித்தே ஆகவேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பு. கஞ்சி குடித்தவர் பூசையில் சாமியார் தரும் அப்பத்தை, நன்மையை, வாங்க முடியாது. அதற்கு வெறும் வயிறு வேண்டும். இதோ, எல்லோரும் பீடத்துக்குப் போகிறார்கள். நன்மை வாங்கித் திரும்புகிற கண்களெல்லாம், என்ன பாவம் செய்தாரோ என்று அவரைத் தொட்டு விலகுகின்றன. அவர் சட்டைப்பையிலுள்ள மருந்துச் சீசாவை இறுகப் பிடித்துக்கொள்கிறார். பெண்கள் பக்கத்திலிருந்து மனைவி மதலேனம்மாள் எழுகிறாள். பீடத்துக்குப் போகாமல், முக்காட்டை இழுத்துவிட்டபடி ஆண்கள் பக்கம் வந்து அவர் அருகில் அமர்கிறாள். பெஞ்சுகளில் தலைகள் திரும்புகின்றன.

“நீ ஏன் போகல?”

“காலையில நானும் உங்க கஞ்சியக் குடிச்சிட்டேங்க.”

“வேணும்னேவா?”

அவள் பீடத்து மெழுகுவர்த்திகளையே பார்க்கிறாள்.

“உப்புகூட இல்ல. எப்படித்தான் தினம் குடிக்கிறீங்களோ.”